நீல அறைக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்

"பிள்ளை, உந்தத் தொட்டிக்குத் தண்ணி ஆர் கொண்டுவந்து ஊத்தினது?"

அவர் என்னுடன் பேசிய முதல் வாக்கியம் இதுதான். அருங்காட்சியகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஆயர் கோட்டையின் நீல அறையில் தனியாக நின்று, பார்வையாளர்களுக்குச் சொல்லவேண்டிய கதையைச் சுவருக்குச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது இளவரசர் கப்பலில் வந்து இந்த அறையில் மூன்று இரவுகள் தங்கினார், இதோ அவர் குளித்த செப்புத் தொட்டி, இதோ அவர் குளிர்காய்ந்த கணப்பு. கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டு நின்ற துப்புரவுப் பணியாளர் தமிழர் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

"தெரியேல்லை அண்ணை. வேலைக்காரராத்தான் இருக்கும்" என்றேன்.

"வேலைக்காரர்தான். அவைக்குப் பேர் இல்லையோ?"

கேலியாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். உடனே மீண்டும் துடைக்கத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. வரலாற்றில் இரண்டு பட்டம் வாங்கியவள் நான். எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளை வரலாறு படித்தால் பெற்றோர் அதை ஒரு நோய் வருத்தம் வந்ததுபோலத்தான் வெளியே சொல்வார்கள். ரொறொன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறை வீட்டில் என்னை வளர்த்து, வெக்ஸ்போர்டில் கடன்பட்டு வீடு வாங்கிய அம்மா, "மகள் மியூசியத்திலை வேலை" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுவார். அப்படிப் போராடிப் பிடித்த வேலையில் வாளியும் துணியுமாக நின்ற ஒருவர் என்னைக் கேள்வி கேட்டுவிட்டார்.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரொறொன்ரோவின் மேற்குக் கரையில், ஏரியைப் பார்த்தபடி நிற்கும் பழைய கல்வீடு. கட்டியவர் திருச்சபையின் ஓர் ஆயர், பிஷப். கல் தச்சனின் மகன். அந்தக் காலத்தில் ஊரே மரவீட்டில் இருந்தபோது இவர் ஏரிக்கல்லை வண்டி வண்டியாக ஏற்றிவந்து, ஒரு பக்கத்தில் ஒற்றைக் கோபுரமும் வைத்துக் கட்டினார். சனம் நக்கலாக 'ஆயர் கோட்டை' என்றது. ஆயருக்கு முதலில் கோபம் வந்ததாம், பிறகு அந்தப் பெயரே பிடித்துப்போய்விட்டதாம். கோட்டை என்று ஆனபிறகு அரச குடும்பத்தார் வராமல் இருப்பார்களா. முதலில் அந்த இளவரசர். ஆயர் தன் படுக்கையறையையே அவருக்குக் கொடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே படுத்தார். பிறகு ஓர் அரசரின் மகள், கணவரோடு ஒரு மாலைப்பொழுது வந்தார். மழை பிடித்துக்கொண்டதால் தோட்ட விருந்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு ஓர் அரசரும் அரசியும் தேநீர் குடிக்க வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விட்டார்கள். அரசிக்கென்று புதிதாக ஒரு கழிப்பறை கட்டினார்கள். அரசி அதைப் பயன்படுத்தவே இல்லை. இந்த இடத்தில் பார்வையாளர்கள் எப்போதும் சிரிப்பார்கள்.

அவர் சிரிக்கமாட்டார். "அதை ஆர் கட்டினது?" என்பார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள். துப்புரவு நிறுவனம் கொடுத்த நீலச் சீருடையை மடிப்புக் குலையாமல் அழுத்திப் போட்டிருப்பார். சாவிக்கொத்து குலுங்கிச் சத்தம் போடாதபடி அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடப்பார். நகரின் மறுமுனையிலுள்ள மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் பிடித்து வருவார், ஒருநாளும் பிந்தியதில்லை. மதியம் நிலவறையில், சூடேற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுவந்த பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு வாசிப்பார். வாசிப்பது என்றால் பத்திரிகையை அல்ல. அந்த வீட்டில் ஆயரின் காலத்தில் வீட்டு மேற்பார்வை செய்த ஒரு பெண் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. மூலம் கண்ணாடிப் பெட்டிக்குள். ஊழியர் பார்ப்பதற்கு ஒரு பிரதி அலுமாரியில். நான் அதைப் புரட்டிப் பார்த்து, சமையல் குறிப்பும் சலவைக் குறிப்பும்தான் என்று மூடிவைத்துவிட்டேன். அவர் அந்தக் கூட்டெழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"இது என்ன எழுத்து பிள்ளை, எச்-ஓ, என்-ஓ?" என்று என் மேசைக்கு வருவார். எனக்கு ஆயிரம் மின்னஞ்சல் காத்திருக்கும். பார்க்காமலே "எச் தான் அண்ணை" என்பேன். மூன்று மதிய இடைவேளைகள் ஒரே ஒரு சொல்லோடு கிடந்தார். அது ஒனோரா என்று, எச் எழுதியும் ஒலிக்காத ஒரு பெண்ணின் பெயர். சலவைக்காரி. அதைக் கண்டுபிடித்த அன்று மாடிக்கு ஏறிவந்து, மூச்சிரைக்க, "ஒனோரா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் பட்டம் வாங்கிய இரண்டு நாட்களிலும் கண்ணாடியில் பார்க்கவில்லை.

கண்டுபிடித்ததையெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பியில், தடித்த அட்டைக் குறிப்பேட்டில், எழுதிவைப்பார், முத்து முத்தான தமிழ் எழுத்தில். இளவரசர் வருகை என்று தலைப்புப் போட்டு அடிக்கோடிட்டு, கீழே: தண்ணீர் காய்ச்சியது, சுமந்தது, குதிரைக்குப் புல் போட்டது, படுக்கை விரித்தது, சட்டி கழுவியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். பெயர் கிடைக்காவிட்டால் வெறும் இடம். இளவரசரின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்குமே இருக்காது. "அவரின்ரை பேர் கல்லிலை கிடக்கு. நானும் ஏன் எழுதவேணும்?" என்றார்.

அந்தக் கொப்பியின்படி, நீல அறைத் தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தவள் பிரிட்ஜெட். அயர்லாந்துக்காரி, இருபது வயதும் ஆகாதவள். சமையல் குசினியில் காய்ச்சிய தண்ணீரைப் பின்பக்கத்து ஒடுங்கிய படிகளால் வாளி வாளியாக ஏற்றினாள். இரண்டாம் நாள் படியில் சறுக்கி, கொதிதண்ணீர் காலில் ஊற்றுப்பட்டது. மீதி வாளிகளைச் சலவைக்காரி ஒனோரா சுமந்தாள். நாட்குறிப்பில் அது ஒன்றரை வரி. அடுத்த வரியில், இளவரசர் நன்றாக உறங்கினார் என்றிருக்கிறது.

எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு இதே விசாரணைதான். ஒருமுறை ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். சனம் மணமேடைக்கு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் குசினிக் கதவடியில் நின்று, சோறு வடித்துக்கொண்டிருந்த பெடியனிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் சாரதியிடம் கேட்பார். பனி தள்ளுகிறவனிடம் கேட்பார். "பேரைக் கேட்டால் ஆள் ஒரு சாண் நிமிருவான், வேணுமெண்டால் நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார். நான் கேட்டுப் பார்க்கவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அவராகவே காட்டினார். கைத்தொலைபேசியில் ஒரு பழைய பத்திரிகைப் படம். இலங்கையில், மாவட்டத்து அரசாங்க அலுவலகத்தை அங்கே கச்சேரி என்பார்கள். இளம் வயதில் அவர் அங்கே பியோனாக இருந்திருக்கிறார். ஓர் அமைச்சர் வந்தபோது எடுத்த படம். அமைச்சர் சிரிக்கிறார், பக்கத்தில் மாவட்டத்துப் பெரிய அதிகாரியான அரசாங்க அதிபர், மாலையோடு நாலைந்து பேர். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, அமைச்சரின் தலைக்கு மேலே குடை பிடித்திருக்கிறது.

"உந்தக் கை என்ரை" என்றார். "அம்மா படத்தை வெட்டி வைச்சிருந்தவ. வாற ஆக்களுக்கெல்லாம் இது என்ரை மகன்ரை கை எண்டு காட்டுவா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். அன்று எனக்கு அவரை நிரம்பப் பிடித்திருந்தது, அதையும் சொல்லவேண்டும்.

இன்னொரு பகிடியும் சொன்னார். எங்கள் ஆட்கள் அப்பாவின் பெயரை முன்னால் எழுதி, தங்கள் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். கனடாவில் வந்திறங்கியதும் படிவத்தில் 'முதற்பெயர்' என்ற கட்டம் இருந்தது. முதலில் வருவது அப்பாவின் பெயர்தானே என்று அவர் அதை அங்கே நிரப்பிவிட்டார். அன்றிலிருந்து அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாகவும், தன் பெயருக்கு ஒற்றை எழுத்துமாக வந்துவிட்டது. மேலாளர், காவலாளி, பரிசுக் கடைப் பெண், எல்லோரும் அவரை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

"இருவது வருசமா அப்பரைத்தான் வேலைக்குக் கூப்பிடுகினம். அவர் வரேலாதெண்டு நான் வாறன்" என்றார்.

அதற்கும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

அவருடைய ஆங்கிலம் எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மெழுகிச் சொல்லலாம், மெழுகி என்ன பயன். பணக்காரக் கொடையாளர்கள் சிலரை நான் அழைத்துப்போன ஒருநாள், நீல அறையில் நான் செப்புத் தொட்டியைப் பற்றிச் சொல்லி முடித்ததும், கதவோரம் வாளியோடு நின்றவர் ஓரடி முன்னால் வந்து, தன் உடைந்த ஆங்கிலத்தில், இளவரசர் தண்ணீர் தூக்கவில்லை, ஒரு பிள்ளை தூக்கியது, அதன் கால் வெந்துபோனது என்றார். ஒரு சீமாட்டி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி புன்னகைத்தார். அன்று பின்னேரம் மேலாளர் என்னை அழைத்து, "நீ அவரோடு உங்கள் மொழியில் பேசிப் பார்" என்றார். என் முகம் எரிந்தது. அவரால் எரியவில்லை, 'உங்கள்' என்ற சொல்லால். ஆனால் கோபத்தை அவரிடம்தான் கொண்டுபோனேன்.

"அண்ணை, ஆக்கள் நிக்கேக்கை நீங்கள் கதைக்க வேண்டாம். எனக்குத்தான் ஏச்சு விழுகுது."

"சரி பிள்ளை" என்றார். பிறகு, "உங்களுக்கு வில்லங்கம் எண்டால் வேண்டாம்" என்றார். அதற்குப் பின் பார்வையாளர் முன்னால் ஒருநாளும் பேசவில்லை.

அவர் பேசாமல் விட்டதும் அந்தக் கதையை நான் பேசத் தொடங்கினேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பிரிட்ஜெட்டையும் ஒனோராவையும் வாரி வாரிப் பரிமாறினேன். என் குரலில், என் உச்சரிப்பில் கேட்டபோது சனத்துக்குக் கண் கலங்கியது. பின்படிகளைத் திறந்துவிடச் சொல்லி மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். வெற்று வாளி ஒன்றைப் பார்வையாளர் கையில் கொடுத்து ஏறச் சொன்னேன். உள்ளூர் வானொலியில் என்னைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். அவரைப் பற்றி ஓரிடத்திலும் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன் என்றுகூட இல்லை. அந்த நினைப்பே வரவில்லை, அதுதான் பெரிய பிழை.

அவர் கதவடியில் நின்று கேட்பார். கேட்டுவிட்டு, ஆட்கள் போனபின் ஒருமுறை மட்டும் அருகில் வந்தார். "பிள்ளை, பதினெட்டு வாளி எண்டு சொல்லுறியள். பதினாறுதான் தொட்டிக்குள்ளை போனது. ரெண்டு அவளின்ரை காலிலை." அவ்வளவுதான் அவருடைய குறை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அரச குடும்பத்திலிருந்து ஓர் அம்மையார் ரொறொன்ரோவுக்கு வருகிறார், ஆயர் கோட்டையில் நாற்பது நிமிடம் நிற்பார். வீடு முழுவதும் பற்றிக்கொண்டது. திரைச்சீலை மாற்றினார்கள். கோபுரத்துப் புறாக்களை விரட்ட ஆள் பிடித்தார்கள். நீல அறையில் வரிசையாக நின்று அம்மையாருக்கு அறிமுகமாவதற்குப் பன்னிரண்டு பேர். வீட்டை நடத்தும் அறக்கட்டளைப் பெரியவர்கள் போக, ஊழியருக்கு மூன்று இடம். மேலாளர், நான், மூன்றாவதாகக் கட்டடப் பணியாளர் ஒருவர். "உன்னோடு கதைப்பாரே, அவரைப் போடு" என்று மேலாளரே சொன்னார். நான் உடனே கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த ஓட்டத்தில் பொய் இல்லை.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"கை குடுப்பாவோ?"

"குடுப்பா அண்ணை."

"ஏதும் கேப்பாவோ?"

"என்ன வேலை செய்யிறியள் எண்டு கேப்பா. ஒரு நிமிசம்தான்."

"ஒரு நிமிசம் காணும், போதும்" என்றார். "பிள்ளை, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். உந்தக் குடும்பத்து ஆள் ஒராளின்ரை காதிலை அந்த ரெண்டு பேரின்ரை பேரும் விழவேணும். இவை சுமந்தது அவையின்ரை ஆள் குளிச்ச தண்ணியல்லோ."

மறுநாள் கொப்பியைக் கொண்டுவந்தார். அதில் ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார். 'த வோட்டர் வோஸ் கரீட் பை பிரிட்ஜெட் அண்ட் ஒனோரா.' தண்ணீரைச் சுமந்தவர்கள் பிரிட்ஜெட்டும் ஒனோராவும். இலக்கணம் சரியா என்று கேட்டார். சரி என்றேன். அன்றிலிருந்து வாளி தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் அவருடைய உதடு அசைந்தபடியே இருக்கும். மகளின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டு சூட்டை உலர்சலவைக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

படிவம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாதுகாப்புச் சோதனைக்காக ஒவ்வொருவருடைய பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுதாக, பிறந்த திகதியோடு, ஐந்து மணிக்கு முன் அனுப்பவேண்டும். அவர் துப்புரவு நிறுவனத்தின் ஆள் என்பதால் எங்கள் பதிவேட்டில் அவருடைய விபரம் இல்லை. மேலாளரின் விபரத்தை நிரப்பினேன். என்னுடையதை நிரப்பினேன். மூன்றாவது கட்டத்தில் சுட்டி மினுங்கிக்கொண்டு நின்றது. எனக்குத் தெரிந்தது அவருடைய அப்பாவின் பெயரும் ஓர் எழுத்தும். நேரம் நாலரை. அவர் எனக்கு இரண்டு மாடி கீழே நின்று நடைபாதையைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளிச் சக்கரத்தின் சத்தம் எனக்குக் கேட்டது.

நான் எழும்பவில்லை. ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. உண்மை இதுதான்: அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அந்த உச்சரிப்பில், அந்த வரிசையில், எல்லோர் முன்னாலும். சொல்லிவிட்டால் கதை அவருடையது என்று ஆகிவிடும். எனக்குப் பக்கத்தில் நிற்கும் மேலாளர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நாலே முக்காலுக்குப் பரிசுக் கடைப் பெண்ணுக்கு அழைத்தேன். அவள் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அவரிடம் சொன்னேன். "அண்ணை, மேலையிருந்து பேர் குறைச்சுப்போட்டினம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அலுமாரியைப் பார்த்தேன்.

"அதுக்கென்ன பிள்ளை" என்றார். "நீங்கள் நிக்கிறியள்தானே. நீங்கள் சொல்லுங்கோ. உங்கடை இங்கிலிசிலை வடிவா விளங்கும்."

வருகைக்கு முன்னைய நாள் நீல அறையின் பலகைத் தரையை முழங்காலில் நின்று கையாலேயே மெழுகினார். வருகையன்று காலையிலும் வந்திருந்தார், சீருடையில். வரிசையில் இல்லாத ஊழியர்களைப் பின்படிக் கதவுக்கு அப்பால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். பிரிட்ஜெட் சறுக்கிய படிகள். கதவை ஒரு சாண் திறந்துவைத்திருந்தார்கள். அவர் அந்த இடைவெளிக்குப் பின்னால் நிற்பது எனக்குத் தெரியும்.

அம்மையார் நல்லவர் என்றுதான் பட்டது. கையைப் பிடித்தார், கேட்கவேண்டியதைக் கேட்டார். தொட்டியைப் பார்த்ததும் தன் மூதாதை இதிலா குளித்தார் என்று சிரித்தார். நான் சொன்னேன். பதினாறு வாளி என்று சரியாகச் சொன்னேன். பிரிட்ஜெட் என்று சொன்னேன். ஒனோரா என்றும் சொன்னேன். அம்மையாரின் சிரிப்பு நின்றது. இரண்டு பெயர்களையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டார்.

கதவு எனக்குப் பின்னால், நாலடி தூரத்தில் இருந்தது. திரும்பிக் கையைக் காட்டினால் போதும்.

"பல வருட வாசிப்பு, அம்மணி" என்றேன்.

எல்லாம் முடிந்து, கார்கள் போனபின், நான் பின்படியால் இறங்கினேன். அவர் கீழ்ப்படியில் நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். அவர் ஏதாவது கேட்டிருந்தால், ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டிய தேவை வந்திராது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் இன்னும் மெழுகு வாசம்.

"சொல்லிப்போட்டியள் பிள்ளை. அவ திருப்பிச் சொன்னவ, கேட்டனியளோ? ரெண்டு பேரையும் திருப்பிச் சொன்னவ" என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது.

எனக்குக் கையை இழுத்துக்கொண்டு ஓடவேண்டும்போல இருந்தது. "ஓம் அண்ணை" என்றேன்.

இரண்டு மாதத்தில் துப்புரவு ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. ஒரு திங்கட்கிழமை வேறு சீருடையில் வேறு ஆட்கள் வந்தார்கள். நான் அந்த வாரம் விடுமுறையில் நின்றேன். திரும்பி வந்தபோது என் மேசையில் அந்தக் கொப்பி இருந்தது. கடிதம் எதுவும் இல்லை.

கடைசி எழுதிய பக்கத்தின் தலைப்பு, அம்மையார் வருகை. அடிக்கோடிட்டு, வழக்கம்போலக் கீழே பட்டியல். புறா விரட்டியது, திரைச்சீலை தைத்தது, பூ வைத்தது, கதிரை அடுக்கியது, கழிப்பறை கழுவியது, வாசலில் பனி தள்ளியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுப்பெயர். பனி தள்ளியவன் சோமாலியாக்காரன், பூ வைத்தவள் பிலிப்பைன்ஸ்காரி. ஆறு வருடம் அந்த வீட்டில் வேலை செய்த எனக்கு அதில் பாதிப் பெயர்கள் புதிது. கடைசிக்கு முந்தைய வரி, 'பிரிட்ஜெட், ஒனோரா பெயரைச் சொன்னது.' எதிரே என் பெயர், என் அப்பாவின் பெயரோடு, ஓர் எழுத்துப் பிழையில்லாமல். என் அப்பாவின் பெயரை நான் அவருக்குச் சொன்னதாக நினைவில்லை. எப்போதோ கேட்டிருப்பார்.

கடைசி வரி, 'நீல அறை தரை மெழுகியது.' எதிரே வெறும் இடம்.

பேனையை எடுத்தேன். எடுத்தபிறகுதான் கை நின்றது. எனக்கு அவருடைய பெயர் தெரியாது. ஆறு வருடம் அண்ணை என்று கூப்பிட்டிருக்கிறேன். அண்ணை என்பது மரியாதையான சொல்தான். அதற்குள் நான் எவ்வளவு சோம்பலை ஒளித்துவைத்திருந்தேன் என்று அன்றுதான் பார்த்தேன். பழைய நிறுவனத்துக்கு அழைத்தேன். ஊழியர் விபரம் தரமுடியாது என்றார்கள். கடைகளிலும் கோயிலிலும் விசாரித்தேன். அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னால், "உந்தப் பேரிலை எங்கடை ஊரிலையே நூறு பேர் பிள்ளை, மகன்ரை பேர் என்ன?" என்று கேட்டார்கள். மல்வேர்னுக்கு இரண்டு முறை போய், பஸ் நிற்கும் இடத்தில் காருக்குள் இருந்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது முறை போகவில்லை. தேடி அலுத்ததால் அல்ல. கண்டால் படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டி வரும் என்பதால்.

கொப்பி இப்போது நீல அறையில், நாட்குறிப்புக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறேன். வெறும் இடத்தில் யாருடைய பெயர் வரவேண்டும் என்று பார்வையாளர்கள் கேட்கிறார்கள். இதையெல்லாம் கண்டுபிடித்தவருடைய பெயர், எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை என்று சொல்கிறேன். அதைக் கேட்டு அவர்கள் உருகிப்போகிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண் என் தோளைத் தடவி, நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்றாள். அதற்கும் பாராட்டு எனக்கே வந்து சேர்கிறது.

ஆனால் வெள்ளிக்கிழமைப் படிவத்தைப் பற்றி நான் ஆங்கிலத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் மெச்சுவார்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். அவர் எழுத்தெழுத்தாக வாசிக்கிற ஆள், எங்காவது கண்ணில் படும்.

அண்ணை, மேலையிருந்து ஒருத்தரும் பேர் குறைக்கேல்லை. உங்கடை பேரைக் கேக்க எனக்கு அரை மணித்தியாலம் இருந்தது. நீங்கள் கீழை நிண்டனியள், வாளிச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் இறங்கி வரேல்லை.